காசு கட்டிச் சேரும் வேலைக்கு இன்டர்ன்ஷிப் என்று பெயரா?

ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருத்தி நியூஜெர்ஸியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள், பெரியப்பா மகள் அக்காவின் பெண். இன்னொருவன் த்வாண்டேயில் இருக்கிறான், அத்தை பேரன். இரண்டு பேருக்கும் நான் மாமா. குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் ஒருத்தன் இருந்துவிட்டால் பிரின்டர் ரிப்பேரிலிருந்து பிள்ளைகளின் எதிர்காலம் வரை எல்லாம் அவன் தலையில்தான் வந்து விழும். கேள்வி இதுதான்: "மாமா, இந்த ஏஐ இன்டர்ன்ஷிப்ல சேரலாமா?" இரண்டு பேரும் அனுப்பியிருந்த இணைப்பும் ஒன்றேதான்.

த்வாண்டே எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: என் அப்பா பிறந்த ஊர். ரங்கூனில் பான்சோடான் துறையில் படகேறி ஆற்றைத் தாண்டினால் டலா. அங்கிருந்து லைன் கார் பிடித்து வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் ரோட்டில் போனால் வந்துவிடும். ரங்கூன் ஆற்றையும் ஐராவதி டெல்டாவையும் சேர்க்க வெள்ளைக்காரன் வெட்டிய கால்வாய், சுமார் 35 கிலோமீட்டர், இந்த ஊர் பெயரில்தான் இருக்கிறது. மண்பானைக்குப் பேர்போன ஊர். டெல்டாவில் நெல் நடவும் அறுக்கவும் நம் ஆட்கள் கப்பல் கப்பலாகப் போனார்களே, அந்தக் கதையின் மிச்சம்தான் அத்தை வீடு. 1964-ல் நெ வின் அரசு கடைகண்ணிகளைத் தேசியமயமாக்கியபோது சொந்தத்தில் பாதிப் பேர் கப்பலேறி வந்து சென்னை வியாசர்பாடியில் குடியேறினார்கள். அத்தை வீட்டார் நகரவில்லை. இப்போது மச்சான் அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறார். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தக் கடையில்தான் இருப்பான்.

இணைப்பைத் திறந்து பார்த்தேன். எட்டு வாரம், முழுக்க ஆன்லைன். பெரிய பல்கலைக்கழகங்களின் பிஎச்டி மாணவர்கள் வழிகாட்டுவார்களாம். முடிவில் ஒரு ஆய்வுக் கட்டுரை, ஒரு சான்றிதழ், ஒரு பரிந்துரைக் கடிதம். கட்டணம் 3,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. ரங்கூன் வெளிச்சந்தை விலையில் கணக்குப் போட்டால் ஒரு கோடி கியாட்டைத் தாண்டுகிறது. மச்சான் கடையில் இருக்கும் மொத்தச் சரக்கையும் விற்றால்கூட அந்தத் தொகை வருமா என்பது சந்தேகம்.

கொஞ்சம் யோசியுங்கள். இன்டர்ன்ஷிப் என்றால் என்ன? ஒரு வேலை நடக்கிற இடத்துக்குப் போய், அங்கே இருப்பவர்களுக்கு உதவியாக இருந்து, தொழிலைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வது. அதற்கு அவர்கள் ஏதோ கொஞ்சம் காசு தருவார்கள், குறைந்தபட்சம் மதியச் சாப்பாடாவது போடுவார்கள். என் முதல் இன்டர்ன்ஷிப்பில் ஆறு வாரம் நான் செய்த வேலை சர்வர் அறையில் கேபிளுக்கெல்லாம் லேபிள் ஒட்டியது. மகா போர். ஆனால் தப்பாக ஒட்டிய ஒரு லேபிளால் ஒரு அலுவலகமே அரை நாள் முடங்கியதைப் பார்த்தேன். அந்தப் பாடம் இன்று வரை கூடவே இருக்கிறது. நாம் செய்வது யாரோ ஒருவருக்குத் தேவைப்படுகிறது, தப்பாகச் செய்தால் யாருக்கோ வலிக்கும். இது இருந்தால்தான் அது வேலை. நாம் காசு கட்டி, நமக்காகவே ஒரு பொய் வேலையைத் தயாரித்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் டியூஷன். டியூஷன் தப்பில்லை. நானும் போயிருக்கிறேன். ஆனால் டியூஷனுக்குப் போய்விட்டு வந்து "வேலை பார்த்தேன்" என்று யாரும் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், குற்றவாளியின் தகுதிதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோடையில் இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு நானே வழிகாட்டியாக இருந்தேன். பெயர் வேண்டாம். மணிக்கு நல்ல காசு. எனக்கு ஒதுக்கிய மாணவன் கெட்டிக்காரன், கேள்வி கேட்கிறவன். அவன் எடுத்துக்கொண்ட தலைப்பு, நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக் கோவிட் கண்டுபிடிக்கும் மாடல். காகிள் தளத்தில் நிமோனியா எக்ஸ்ரே படங்கள் 5,800-க்கு மேல் இலவசமாகக் கிடைக்கின்றன. அதை ஒரு பக்கம் வைத்து, கோவிட் நோயாளிகளின் படங்களை இன்னொரு பக்கம் வைத்து, கூகுள் கோலாபில் ஏற்கெனவே யாரோ எழுதிய நிரலை ஓட்டினான். முதல் தடவையே 97 சதவீதம் சரி என்று வந்தது. பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆறாவது வாரத்தில்தான் எனக்கு உறைத்தது. அந்த நிமோனியா படங்கள் எல்லாமே சீனாவின் குவாங்சோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஒன்று முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கு எடுத்தவை. கோவிட் படங்கள் பெரியவர்களுடையவை. மாடல் கற்றுக்கொண்டது நோயை அல்ல, நெஞ்சுக்கூட்டின் அளவை. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நினைக்காதீர்கள். 2020-ல் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே இதே குழியில் விழுந்தார்கள். கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அந்த வருஷத்தில் வந்த கட்டுரைகளைச் சலித்து 2021-ல் நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ் இதழில் எழுதியது: 2,212 கட்டுரைகளில் தொடங்கி, தரம் பார்த்துத் தேறிய 62-ஐ ஆழமாகப் படித்ததில், மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை.

ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறு என்ன கிடைக்கும்? 97 சதவீதம் என்ற எண் எப்படிப் பொய் சொல்லும் என்று அவன் கையாலேயே பார்த்திருப்பான். ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன், இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள், இந்தத் தவற்றையே கட்டுரையாக எழுதலாம் என்று. நிறைவு விழாவுக்கு போஸ்டர் தயாராகிவிட்டது, அடுத்த பேட்ச் காத்திருக்கிறது என்று பதில் வந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். பரிந்துரைக் கடிதத்திலும் போட்டேன். அந்தப் பையன் இன்று ஏதோ ஒரு நல்ல கல்லூரியில் இருப்பான். தன் மாடல் கோவிட் கண்டுபிடிக்கும் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்பான் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

இது ஒரு ஆளின் புலம்பல் இல்லை. 2023 மே மாதம் ப்ரோபப்ளிகா இந்தத் தொழிலை விவரமாகத் தோண்டி வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகளை 'ஆய்வாளர்' ஆக்கித் தரும் நிறுவனங்கள் 2,500 முதல் 10,000 டாலர் வரை வாங்குகின்றன. பிள்ளைகளின் கட்டுரையைப் போடுவதற்கென்றே இதழ்கள் முளைத்திருக்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து, சொல் அல்ல, எழுத்து. எட்டு வாரமும் 3,000 டாலரும் கடைசியில் போய் உட்காரும் இடம் அந்த 150 எழுத்துதான். சென்னையில் இன்ஜினீயரிங் படித்த அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள், இன்பிளான்ட் டிரெயினிங் சான்றிதழ் எந்தத் தெருவில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று சொல்வார்கள். அந்த வியாபாரம் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்திருக்கிறது, அவ்வளவே.

"வசதி இருக்கிறவங்க கட்டுறாங்க, உனக்கென்னடா வயித்தெரிச்சல்?" என்றாள் அக்கா. போனில்தான், ஆனால் சூடு இங்கே வரைக்கும் வந்தது. அவள் கேள்வி நியாயமானது. பிள்ளைக்குக் கொஞ்சம் பைத்தான் வருகிறது, கொஞ்சம் தைரியம் வருகிறது, என்ன கெட்டுப்போச்சு?

கெட்டுப்போவது என்ன என்பதை விளக்கத்தான் த்வாண்டே வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

பர்மாவில் நம்மை ஒரு சொல்லால் கூப்பிடுவார்கள்: கலா. இந்தியாவிலிருந்து வந்தவன், மேற்கிலிருந்து வந்தவன் என்று பொருள். சொல்லும் வாயைப் பொறுத்து அது வெறும் அடையாளமாகவும் இருக்கும், காறித் துப்பும் வசவாகவும் இருக்கும். அத்தை அந்த இரண்டையும் தொனியை வைத்தே பிரித்துவிடுவார். ஃபேஸ்புக்கால் முடியவில்லை. 2017-ல் அந்தச் சொல்லை வெறுப்புப் பேச்சு என்று குறித்து அது வரும் பதிவுகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் பர்மியத்தில் கடலைப்பருப்புக்குக் கலாபே என்று பெயர். நாற்காலி கலாத்தைங். திரைச்சீலை கலாகா. நம்மோடு போன சாமான்களுக்கெல்லாம் நம் பெயரே ஒட்டிக்கொண்டது. விளைவு, பருப்பைப் பற்றி எழுதியவனும் மாட்டிக்கொண்டான். அந்த வருஷம் ஜூன் மாதம் அந்த நிறுவனமே, இந்தச் சொல் விஷயத்தில் சூழல் புரியாமல் தடுமாறினோம் என்று எழுதியது.

அதற்கு நேர் எதிரான தப்பும் நடந்தது. கண்ணில் படும் கலாக்களையெல்லாம் கொல்ல வேண்டும் என்று பச்சையாக எழுதிய ஒரு பர்மியப் பதிவை ஃபேஸ்புக்கின் தானியங்கி மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் எப்படிக் காட்டியது தெரியுமா? மியான்மரில் எனக்கு வானவில் இருக்கக் கூடாது என்று. 2018 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் இதை வெளியே கொண்டுவந்தது. 2015 தொடக்கத்தில் அந்த நிறுவனத்துக்காகப் பர்மிய மொழிப் பதிவுகளைப் பரிசீலித்தவர்களில் பர்மியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்பதும் அதே செய்தியில்தான் வந்தது. ராக்கைனில் ரோஹிங்கியாக்கள் கொல்லப்பட்டுத் துரத்தப்பட்ட காலம் அது. சமூக ஊடகம் அதில் தீர்மானகரமான பங்கு வகித்தது என்று ஐ.நா.வின் உண்மை அறியும் குழுத் தலைவர் 2018 மார்ச்சில் சொன்னார்.

இப்போது சொல்லுங்கள். கடலைப்பருப்பையும் கொலை மிரட்டலையும் பிரித்தறிய யாரை இன்டர்னாக எடுத்திருக்க வேண்டும்? எட்டு வாரச் சான்றிதழ் வைத்திருப்பவனையா, த்வாண்டே செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையா?

இதில் உடனே ஒரு எச்சரிக்கை. ஏழைப் பிள்ளைக்குத்தான் அறிவு, பணக்காரப் பிள்ளைக்கு வெறும் காகிதம் என்று நான் கதை சொல்ல வரவில்லை. அந்த மாதிரிக் கதைகள் ஏழைப் பிள்ளைக்கு ஒரு லேப்டாப்கூட வாங்கித் தராது. மருமகனுக்குத் தெரியாதது நிறைய. மேட்ரிக்ஸ் பெருக்கல் தெரியாது. அவன் பைத்தான் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அவனுக்கு என்ன தெரியும் என்றால், கடைக்கு வருகிற பெரியவர் போனில் எழுத்து ஏன் கட்டம் கட்டமாக உடைந்து தெரிகிறது என்று தெரியும். பர்மிய எழுத்தில் வெகுகாலம் ஜாஜி என்ற ஒரு எழுத்துருதான் ஆட்சி செய்தது. யூனிகோடுக்கு அது ஒத்துவராது. ஒரே குறியீடு, இரண்டு முறையிலும் வேறு வேறு எழுத்து. 2019 அக்டோபர் 1 அன்றுதான் நாடே யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்தது. எது ஜாஜி, எது யூனிகோடு என்று கண்டுபிடிக்கக் கூகுள் ஒரு கருவியைச் செய்து இலவசமாக வெளியிட்டது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வர எவ்வளவு வாய்ப்பு என்ற நிகழ்தகவுக் கணக்குதான் அதன் உள்ளே இருப்பது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் படித்த யாருக்கும் இரண்டு நாளில் புரியவைக்கலாம். அந்தக் கருவி பெரியவரின் போனில் உண்மையிலேயே ஒரு பிரச்சினையைத் தீர்த்தது. மெஷின் லேர்னிங் என்றால் இதுவும்தான். ஆனால் எந்த விளம்பரப் பக்கத்திலும் இப்படி ஒரு புராஜெக்டை நான் பார்த்ததில்லை. அங்கே எப்போதும் புற்றுநோய்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

கெட்டுப்போவது இதுதான் அக்கா. உன் பெண் நல்லவள், புத்திசாலி. அவளுக்கு இந்தப் பக்கம் கற்றுத்தருவது, ஏஐ என்பது தயாராக இருக்கும் டேட்டாசெட்டை இறக்கி, தயாராக இருக்கும் நிரலில் போட்டு, வருகிற எண்ணைப் போஸ்டரில் பெரிதாக எழுதுவது என்று. அந்த டேட்டாசெட்டை யார் உட்கார்ந்து குறித்தார்கள், எவ்வளவு கூலிக்கு என்பது பாடத்தில் வராது. சாட்ஜிபிடியைப் பண்பாகப் பேச வைப்பதற்காகக் கொடூரமான எழுத்துகளைப் படித்துப் படித்து வகைப்படுத்திய கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகத்தான் கையில் கிடைத்தது என்று டைம் பத்திரிகை 2023 ஜனவரியில் எழுதியது. வேலையைச் செய்கிறவனுக்கு இரண்டு டாலர். வேலை செய்த மாதிரி காட்டிக்கொள்ள நாம் கட்டுவது 3,000. இந்தக் கணக்கு எந்தப் பிள்ளைக்கும் கோபத்தை வரவழைக்க வேண்டும். வராமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த எட்டு வாரம்.

சரி, த்வாண்டே பையன் ஏன் கேட்டான்? அவனுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கனவு ஒன்றும் இல்லை. அவன் கேட்டது வேறு. "மாமா, அந்த சர்டிபிகேட் இருந்தா வெளிநாட்டு ஸ்டூடண்ட் விசாவுக்கு உதவுமா?"

2024 பிப்ரவரியில் மியான்மர் ராணுவ ஆட்சி கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27. அதே வருஷம் மே மாதம், ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக அனுமதி கேட்டு விண்ணப்பிப்பதையும் நிறுத்தினார்கள். அவனுக்கு இப்போது பதினேழு. அவன் அந்த விளம்பரப் பக்கத்தில் பார்த்தது இயந்திரக் கற்றலை அல்ல, ஒரு வாசலை. நியூஜெர்ஸிப் பெண்ணுக்கு அது 150 எழுத்து. இவனுக்கு உயிர். இரண்டு பேருக்கும் ஒரே பக்கம், ஒரே நீலப் பொத்தான்: இப்போதே விண்ணப்பியுங்கள்.

அந்தப் பக்கத்தில் உதவித்தொகை என்றும் ஒரு வரி இருந்தது. அவனுக்காக அதையும் படித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பள்ளி மதிப்பெண் பட்டியல் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் கிரெடிட் கார்டில். வீடியோவை அணைக்காமல் வாரம் இரண்டு வகுப்பு, தவறினால் சான்றிதழ் கிடையாது. ரங்கூன் வட்டாரத்தில் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. 2024 மே கடைசியிலிருந்து விபிஎன்களை முடக்கிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாமல் விபிஎன் சேவை நடத்துவதையே குற்றமாக்கியது. உதவித்தொகை தருகிறோம் என்று எழுதியவருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் மனதில் இருந்த ஏழை, அமெரிக்க ஏழை.

அவனிடம் உண்மையைச் சொன்னேன். உதவாதுடா. அந்தச் சான்றிதழை எந்தத் தூதரகமும் திரும்பிக்கூடப் பார்க்காது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி மாமா" என்றான். இந்தக் கட்டுரையில் நான் காட்டும் கோபமெல்லாம் அந்த இரண்டு சொல்லிலிருந்து வந்ததுதான்.

எங்கள் வீட்டுக்கு இந்தக் காகிதக் கதை புதிதல்ல. 1982-ல் வந்த குடியுரிமைச் சட்டம் ஆட்களைத் தரம் பிரித்தது. முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற மேற்படிப்பின் கதவு மூடிக்கொண்டது. அப்பாவிடம் இருந்தது வெளிநாட்டவர் பதிவு அட்டை, பிறந்ததென்னவோ த்வாண்டேயில். கணக்கில் புலி என்று அத்தை இன்னமும் சொல்வார். புலி கப்பல் வேலைக்கு ஆள் எடுத்தவனிடம் போய் நின்று சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அவருக்கு மறுத்த பொறியியலில் நான் முதுகலை முடித்தேன். பட்டமளிப்பு அங்கியை அவர் ஒரு தடவை போட்டுப் பார்த்தார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. ஆகவே, திறமையைக் கேட்காமல் தாளைக் கேட்கும் கதவுகள் என்றால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கடுப்பு வரும். அதைக் கழித்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

இனி நீங்கள் கேட்பீர்கள், எல்லாவற்றையும் திட்டிவிட்டீர்கள், நாங்கள் என்ன செய்வது என்று. முதலில் ஒன்று: பதினாறு வயதில் ஏஐ இன்டர்ன்ஷிப் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நான் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பள்ளிக்கூடத்துச் சான்றிதழை ஒருநாளும் கேட்டதில்லை. நிகழ்தகவு சரியாகத் தெரிகிறதா, ஒரு எண்ணைப் பார்த்தால் சந்தேகம் வருகிறதா, இந்த இரண்டும்தான் பார்ப்பேன். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் ஆண்ட்ரே கர்பாத்தி ஒரு சின்ன மொழி மாடலை வெறும் கையிலிருந்து கட்டிக் காட்டும் வீடியோக்கள் யூடியூபில் இலவசம். ஜெரிமி ஹோவர்டின் ஃபாஸ்ட் ஏஐ வகுப்பும் இலவசம். 3,000 டாலர் நிறுவனம் சொல்லித்தருவதில் முக்கால்வாசி அங்கிருந்து சுட்டதுதான். என் பாடத்திட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன். போட்டிதான் பிடிக்கும் என்றால் பன்னாட்டு ஏஐ ஒலிம்பியாட் இருக்கிறது. 2024-ல் பல்கேரியாவின் புர்காஸ் நகரில் தொடங்கியது, 2025-ல் பெய்ஜிங்கில் நடந்தது. எம்ஐடி வளாகத்தில் நடக்கும் ஆர்எஸ்ஐ கோடை ஆய்வுத் திட்டத்தில் தேர்வானவர்களிடம் பயிற்சிக் கட்டணம் வாங்குவதில்லை. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் கிடைக்காத இடத்துக்கும் காசு கொடுத்து வாங்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அதைவிட, உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. தமிழும் இன்னொரு மொழியும் தெரிந்த பிள்ளைகள் நீங்கள். பெரிய மொழி மாடல்கள் சொல்லை டோக்கன் டோக்கனாக நறுக்கிப் படிக்கின்றன. அதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதினால் ஆகும் துண்டுகளைவிடத் தமிழில் பல மடங்கு ஆகும் நிலை இருந்தது. பர்மியமும் ஷானும் இன்னும் மோசம். புதிய மாடல்களில் நிலைமை கொஞ்சம் தேவலை. ஒரே பத்தியை இரண்டு மொழியிலும் எழுதி எண்ணிப் பாருங்கள், ஒரு சனிக்கிழமை போதும். மொசில்லாவின் காமன் வாய்ஸில் தமிழ் இருக்கிறது. ஜாஃப்னா பேச்சும் பினாங்கு பேச்சும் அதில் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பாட்டியின் வாக்கியத்தை ஒரு மாடல் எங்கே தப்பாகப் புரிந்துகொள்கிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். விக்கிமூலத்தில் எழுத்துணரி சொதப்பிய பக்கங்களைத் திருத்துங்கள். இதில் சான்றிதழ் வராது. ஆனால் நீங்கள் திருத்திய பக்கத்தை நாளைக்கு யாரோ ஒருவர் படிப்பார். கேபிளுக்கு ஒட்டிய லேபிள் மாதிரி.

அந்த வார இறுதியில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அத்தை பேரனும் பெரியப்பா பேத்தியும், முறைக்கு என்ன உறவு என்று யோசிப்பதற்குள் அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள், பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கலா என்று தொடங்கும் பர்மியச் சொற்கள் எத்தனை, எது சாமான், எது மனிதன், எது வசவு, எந்த வாக்கியத்தில் எது என்று பட்டியல் போடுகிறார்கள். அவன் சொல்லைச் சொல்லுவான், அத்தையிடம் கேட்டுப் பொருள் எழுதுவான். இவள் மூன்று மொழிபெயர்ப்புக் கருவிகளில் அதைப் போட்டு என்ன வருகிறது என்று பக்கத்தில் நிரப்புவாள். போன வாரக் கணக்குக்கு 212 வரி. அதில் ஒரு கருவி நாற்காலியை ஓரிடத்தில் இந்தியன் என்று எழுதியிருக்கிறது. அத்தை சிரித்தாராம், அப்புறம் சிரிக்கவில்லையாம்.

அக்கா முன்பணம் கட்டிவிட்டாள், திரும்பத் தரமாட்டார்களாம். அதனால் மருமகள் அந்த எட்டு வாரத்தையும் முடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இந்தப் பட்டியலையே புராஜெக்டாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறாள். நல்ல யோசனை, ஆனால் டேட்டாசெட் ரொம்பச் சின்னது, எக்ஸ்ரேயே எடுத்துக்கொள் என்று பதில் வந்திருக்கிறது. எந்த எக்ஸ்ரே என்று கேட்டு எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மருமகன் மூன்று நாளாகக் குழுவில் எதுவும் எழுதவில்லை. கரண்ட் இல்லையாம், மச்சான் சொன்னார். அவனுக்கு நவம்பரில் பதினெட்டு.